நாலாம் நம்பர் தட்டு

இந்த வருஷம் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டார். நான் பத்தாம் வகுப்பும், ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பும் முடித்தவன். முப்பத்து நாலு வருஷத்தில் ரிப்போர்ட்தான் எழுதியிருக்கிறேன். அதனால் இதையும் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். டிராயிங்கில் வருகிற குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லித்தர இப்போது ஆள் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, போனில் வீடியோ இருக்கிறது. அதையெல்லாம் நான் தொடப் போவதில்லை. அந்தக் குறிகளில் ஒன்றை வாசிக்கத் தெரியாமல் நான் பயந்து நடுங்கின மூன்று நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்போது அஞ்சுகிராமம் ரோட்டில் நம் பட்டறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். பெரும்பாலும் விசைப்படகு வேலை. ஷாப்ட், கப்ளிங், வலை இழுக்கிற வின்ச்சின் டிரம், இப்படி. தேங்காய்ப்பட்டணத்துப் படகுக்காரர்கள் உடைந்த சாமானைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, இதேபோல ஒன்று வேண்டும் என்பார்கள். டிராயிங் என்று தாள் வருவது அபூர்வம். வந்தால், எண்ணெய்க் கையோடு அதைத் தொட விடமாட்டோம். பழைய பெட்டி அட்டையை வெட்டி, வேண்டிய அளவுகளை மட்டும் பெரிதாக எழுதி, துளை போட்டு மிஷினில் கட்டித் தொங்கவிடுவோம். மிஷினில் நிற்கிறவன் டிராயிங்கைப் பார்க்கவே மாட்டான். அட்டையில் இருப்பதுதான் வேலை. அந்த அட்டையை எழுதுகிறவன் நான். வேலை முடிந்ததும் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனும் நானே.

டிராயிங்கில் சில இடங்களில் நீளமான பெட்டி ஒன்று இருக்கும். சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு குறி, அடுத்ததில் ஓர் எண், பிறகு ஏ, பி என்று எழுத்துகள். எனக்கு அந்தப் பெட்டியை வாசிக்கத் தெரியாது. அதிலிருந்து எண்ணை மட்டும் எடுத்து, முன்னால் பிளஸ் மைனஸ் போட்டு அட்டையில் எழுதிவிடுவேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை. சரியா என்று யாரிடமும் நான் கேட்டதுமில்லை. கேட்டால், அட்டை எழுதுகிறவனுக்கே டிராயிங் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்ற பயம். படகு வேலையில் போல்டுக்கும் துளைக்கும் இடையில் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். அதனால் பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் எனக்குத் தெரியும் என்றே நானும் நம்பிவிட்டேன்.

ஒரு மாசி மாதக் கடைசியில் காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனி ஒன்றிலிருந்து வேலை வந்தது. ஆரல்வாய்மொழி கணவாயில் நிற்கிற கோபுரங்கள் சிலவற்றுக்குள் ஆள் ஏறி இறங்க லிப்ட் வைக்கிறார்கள். இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம். எண்பது மீட்டர் ஏணியில் ஏறி முழங்கால் தேய்ந்தவர்களுக்காக வந்த லிப்ட். அது கம்பி வடத்தில் தொங்கும். வடத்தின் மேல்முனையைத் தாங்குகிற இரும்புத் தட்டைத்தான் நாங்கள் செய்ய வேண்டும். வட்டத் தட்டு, சுற்றிலும் ஆறு துளை. கோபுரத்து உச்சியில் உத்திரத்தில் சாணை பிடித்த ஆறு ஸ்டட் ஏற்கெனவே முளைபோலப் பதிந்து நிற்கும். தட்டு அந்த ஆறிலும் ஒரே சமயத்தில் போய் உட்கார வேண்டும். துளை பதினெட்டு மில்லிமீட்டர், ஸ்டட் பதினேழு புள்ளி எட்டு.

டிராயிங்கில் துளைகளுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. வட்டத்துக்குள் கூட்டல் குறி. அடுத்த கட்டத்தில் விட்டத்தின் குறி, 0.2, வட்டத்துக்குள் எம் என்ற எழுத்து. பிறகு ஏ, பி. நான் அட்டையில் "துளை இடம் ± 0.2" என்று எழுதினேன்.

தங்கராஜ் கோபுரத்துக்கு ஒன்றாக ஆறு தட்டு செய்தான். மிஷினில் அவனைவிட வேலை சுத்தமான ஆள் நம்மிடம் இருந்ததில்லை. ஒவ்வொரு துளையும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு, மேல் கீழாக எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து எழுதினேன். எல்லாம் அட்டைக்குள் இருந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபிப்பது என் வழக்கம். அன்றைக்கும் ஜெபித்துவிட்டுத்தான் போட்டேன். நான் வாசிக்காமல் விட்ட பெட்டிக்குக் கர்த்தரைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தட்டுகள் போய் மூன்று வாரம் ஆயிற்று. லிப்ட் மாட்டி ஓட ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். இரண்டாவது ஆர்டரும் வந்தது. அதற்கு முன்னால் பட்டறையைப் பார்த்துப் போக ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் பிள்ளை. டிப்ளமோ படித்தவள், இருபத்தைந்து வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் என்றாள். நான் மேடம் என்றேன். அவள் என்னை அங்கிள் என்றாள்.

மிஷினில் முதல் ஆர்டரின் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு எழுதினது, அங்கிள்?"

நான் என்று சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன். மேஜையில் கிடந்த வாஷர் ஒன்றை எடுத்து டிராயிங்மேல் வைத்தாள். பேனா முனையை அதன் துளைக்குள் விட்டு அங்குமிங்கும் ஆட்டிக் காட்டினாள். "துளையோட நடுப்புள்ளி இந்த வட்டத்துக்குள்ள எங்க வேணும்னாலும் நிக்கலாம். வெளியில போகப்பிடாது. வட்டத்துக்க விட்டம்தான் பாயின்ட் ரெண்டு. அப்ப நடுவுல இருந்து எந்தப் பக்கம் போனாலும் பாயின்ட் ஒண்ணுதான். நீங்க அட்டைல குடுத்திருக்கது பெரிய சதுரம். அந்தப் பக்கம் பாயின்ட் ரெண்டு, இந்தப் பக்கம் பாயின்ட் ரெண்டு. மூலைக்குப் போனா அதுக்கும் மேல."

அரைமணி நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. வட்டத்துக்குள் இருக்கிற எம் எதற்கு என்று கேட்டேன். அது கொஞ்சம் நீளமான கதை, பஸ்ஸுக்கு நேரமாயிற்று, அடுத்த முறை வரும்போது சொல்கிறேன் என்றாள். கிளம்பும்போது, "நல்ல வேளை, ஒண்ணும் வெட்டத் தொடங்கல, கேட்டியளா" என்று சொன்னாள்.

அவள் நினைத்தது இரண்டாவது ஆர்டரை. முதல் ஆர்டரும் இதே அட்டையில்தான் போயிற்று என்பது அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. வாசல்வரை கொண்டுபோய் விட்டு, கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

பிள்ளைகளே, அன்றைக்கு நான் செய்த பிழை அதுதான். அட்டையில் எழுதினது தெரியாமல் செய்தது. வாசலில் நின்று வாயை மூடினது தெரிந்து செய்தது.

மறுநாள் சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். எனக்கு வர்க்கமூலம் போட வராது. அதனால் கிராப் தாள் வாங்கி வந்தேன். பட்டறை அளவில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். காம்பஸால் ஒரு சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டேன். ஆறு தட்டுக்கு முப்பத்தாறு துளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

தங்கராஜ் டிபன் பாத்திரத்தோடு வந்து எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, ஞாயிறு பள்ளிப் பிள்ளையளுக்கு நட்சத்திரம் வரையுதியளா?"

பதினொரு புள்ளி வட்டத்துக்கு வெளியே நின்றது.

மறுபடியும் எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான். தங்கராஜிடம் சொன்னேன். அவன் சிரிப்பை விட்டுவிட்டுத் தாளைக் கையில் வாங்கினான். பிறகு, போல்ட் ஏறிவிட்டால் சரிதானே அண்ணே என்றான். அவன் குரலிலும் தெம்பு இல்லை.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதை நீங்களே அறிவீர்கள். அந்த ஆர்டரை நம்பிப் புது மிஷினுக்குச் சொல்லிவைத்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மக்கா, தட்டு ஏறலைன்னா அவனுவ அன்னைக்கே போன் போட்டிருக்க மாட்டானுவளா? மூணு வாரமாச்சு. ஒருத்தனும் வாயத் தொறக்கல. நீயா எதுக்குக் கெடந்து பயப்படுக? திங்கக்கிழமை பாத்துச் சொல்லுவோம்."

அவர் சொன்னது நியாயம்போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சேரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அது நிற்கவில்லை. சித்திரை முடிகிற சமயம். கணவாயில் காற்று எழும்புகிற காலம் நெருங்கிவிட்டது. அன்றைக்கே சாயங்காலம் வாழைத் தோட்டத்துப் பக்கமிருந்து முதல் காற்று அடித்து, ஜன்னல் கதவு ஒருமுறை படீர் என்று சாத்திற்று. அதற்குப் போய் நான் துள்ளி எழுந்தேன். என் கணக்குப்படி தட்டு ஸ்டட்டில் ஏறியிருக்க முடியாது. ஏறாத தட்டைப் பற்றி ஒருவரும் ஏன் வாய் திறக்கவில்லை? கணக்கு அதில்தான் போய் முட்டிற்று. ஏறாத சாமானை எப்படிப் பலவந்தமாக ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? பட்டறையில் நாங்களே எத்தனை முறை செய்திருக்கிறோம்.

குடும்ப ஜெபத்தில் அன்றைக்கு என் முறை. முழங்காலில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. என் மனைவி கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவளே ஜெபித்து முடித்தாள். யாரோ செத்துப்போன செய்தியைத்தான் மறைக்கிறேன் என்று நினைத்தாளாம். பிற்பாடு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலயத்து வளாகத்திலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்பார். அவர் வேண்டாம் என்ற பிறகு அதை மீறுகிற தைரியம் அன்றைக்கு எனக்கில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அங்கிள், ஒவ்வொரு துளைக்கும் சைஸ் அளந்து எழுதி வச்சிருக்கியளா?" என்று கேட்டாள். எழுதியிருந்தேன். தாள்கள் பைக்குள்ளேயே இருந்தன. வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை, ஆராதனைக்கும் கொண்டுபோயிருந்தேன். அந்த எம் எதற்கு என்று அப்போது சொன்னாள். துளை பதினெட்டுக்கு மேல் எவ்வளவு பெரிதாயிருக்கிறதோ அவ்வளவு கூடுதல் இடம் கிடைக்கும். பெரிய துளை கொஞ்சம் விலகி நின்றாலும் ஸ்டட் உள்ளே போய்விடும் அல்லவா. அதனால் அந்த மிச்சத்தை 0.2-உடன் கூட்டிக்கொள்ளலாம்.

வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஞாயிறு பள்ளி அறையிலிருந்து காம்பஸ் வாங்கி, பதினொரு துளைக்கும் தனித்தனியாகப் பெரிய வட்டம் போட்டேன். ஆலயத்துக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு புள்ளியாக வட்டத்துக்குள் வந்தது. ஒன்பது வந்துவிட்டது. ஒன்பதாவது வந்தபோது எனக்கு அழுகை வந்தது. மீதி இரண்டும் வரவில்லை. இரண்டும் நாலாம் நம்பர் தட்டு. அந்தத் தட்டுக்குத் தங்கராஜ், துளையைத் தேய்த்துச் சரியளவாக்குகிற ரீமரைப் புதிதாகப் போட்டிருந்தான். துளை பதினெட்டை ஒட்டியே, மிகச் சரியாக, அழகாக இருந்தது. அதனால்தான் கூடுதல் இடம் கிடைக்கவில்லை.

அவளிடம் திரும்பச் சொன்னேன். கம்பெனிப் பதிவைப் பார்த்து, அந்தத் தட்டு எந்தக் கோபுரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். காற்றுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அன்றைக்கு ஞாயிறாயிருந்தும் அங்கே வேலை நடக்கிறது. சூப்பர்வைசரை அழைத்துப் பார்த்தாள். போன் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை.

"அங்கிள், நான் இங்கேருந்து பஸ் பிடிச்சு வாறதுக்குள்ள ரெண்டு மணி நேரமாவும். உங்களுக்குப் போக முடியுமா?"

ஆலயத்துக்கு உடுத்த வெள்ளை வேட்டி சட்டையோடே வண்டியை எடுத்தேன். அந்த இருபது கிலோமீட்டரில் எதிரே வந்தது எதுவும் ஞாபகமில்லை. தோவாளை தாண்டினதும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளினது ஞாபகமிருக்கிறது. காற்றாலைச் சக்கரங்களெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. அவை சுற்றுவதைப் பார்க்க அன்றைக்கு முதல்முறையாகப் பயமாயிருந்தது.

கோபுரத்தடியில் ஜீப் நிழலில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். போன் ஜீப்புக்குள் சார்ஜில் கிடந்தது. நான் யார் என்பதையும் விஷயத்தையும் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு மேலாக லிப்ட் ஓடுகிறது, இன்றைக்கு என்ன புதிதாக என்று கேட்டார். மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள், லிப்டும் மேலேதான் நிற்கிறது, நிறுத்தினால் ஒரு நாள் வேலை போகும், காற்று வந்துவிட்டால் பிறகு ஏற முடியாது என்றார். கிராப் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"சார், அந்தத் தட்டுல கையெழுத்துப் போட்டவன் நான். தப்பாப் போட்டுட்டேன். நானே வந்து சொல்லுகேன். அதுக்கு மேல உங்களுக்கு என்ன ரிப்போர்ட் வேணும்?"

அவர் வாக்கி டாக்கியை எடுத்து, லிப்டில் ஏற வேண்டாம், ஏணி வழியாக இறங்குங்கள் என்றார். மேலிருந்து கரகரவென்று ஏதோ பதில் வந்தது. அதே நிமிஷம் கோபுரத்துக்குள்ளே, உச்சியில், லிப்டின் மோட்டார் உறுமிற்று.

அந்தச் சத்தத்தை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்கிறேன். சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் கத்தினார். நான் கோபுரத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஜெபம் வரவில்லை. மோட்டார் நின்றது. ஒருவன் கருவிப் பையை உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டானாம். லிப்ட் ஒரு முழம் இறங்கி நின்றிருந்தது. அதற்குள் ஆள் இல்லை.

அவர்கள் ஏணியில் இறங்கி வர அரைமணி நேரம் ஆயிற்று. இருட்டான இரும்புக் குழலுக்குள் பூட்ஸ் சத்தமும், பெல்ட் கொக்கி மாட்டிக் கழற்றுகிற சத்தமும் மேலிருந்து மெள்ள மெள்ளப் பெரிதாகிக்கொண்டு வந்தது. முதலில் இறங்கினவனுக்கு முப்பது வயதிருக்கும். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"லிப்ட் வேண்டாம்னு சொன்னது யாரு?"

நான் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "கல்யாண வீட்டுக்குப் போற வழியில எங்களுக்க முட்டுக்கால ஒடைக்க வந்தேராக்கும்?"

சூப்பர்வைசர் இடையில் புகுந்து, நாலாம் நம்பர் தட்டை எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டார். அவன் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"ரெண்டு ஸ்டட்டு ஏறல. வட்ட அரம் போட்டுத் தேச்சோம். அப்பவும் முட்டிக்கிட்டு நின்னுச்சு. சம்மட்டியால நாலு போட்டதும் உக்காந்துட்டு."

"எங்கிட்ட ஏன்டே சொல்லல?"

"சொன்னா மாட்டாம விட்டிருப்பியளா?"

சூப்பர்வைசர் நிலத்தைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். நானும் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவன் என் பக்கம் திரும்பி, தட்டைப் பாஸ் பண்ணினது நீங்கள்தானா என்று கேட்டான். ஆமா என்றேன். அவன் கெட்ட வார்த்தை பேசுவான் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் தட்டைக் கழற்றினார்கள். இரண்டு துளையும் அரத்தால் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. ஒரு ஸ்டட் அடியில் லேசாக வளைந்திருந்தது. விரிசல் இல்லை என்றார்கள், இருந்தாலும் மாற்றினார்கள். அப்படியே விட்டிருந்தால் அந்தத் தட்டு என்றைக்காவது உடைந்து போயிருக்குமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தெரியாது அங்கிள் என்றாள். போயிருக்கும் என்று சொல்லியிருந்தால் ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்று ஆறுதலடையலாம். போயிருக்காது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை. உங்களுக்கும் பல சமயம் கிடைக்காது.

முதலாளி திங்கட்கிழமை காலையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டியா நீ?" என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். நான் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். லிப்ட் மோட்டார் உறுமினதைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரும்பு இருக்கா, புதுசு எப்பத் தர முடியும் என்றுதான் கேட்டார். கம்பெனி எங்கள் ஆர்டரை ஆறு மாதம் நிறுத்திவைத்தது. அத்தனை நாளும் என் கையெழுத்து செல்லாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அது வலித்தது. ஆனாலும் அது சரிதான். அந்த ஆறு மாதமும் சனிக்கிழமை தோறும் அந்தப் பெண் வந்தாள். முதலாளி, தங்கராஜ், நான், எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக வாசிக்கப் படித்தோம். அட்டை எழுதுவதை விட்டோம். பிளாஸ்டிக் உறைக்குள் டிராயிங்கையே மிஷினில் தொங்கவிட்டோம். தெரியாத குறி வந்தால் மிஷினை நிறுத்தலாம், ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்கக் கூடாது என்று முதலாளி சட்டம் வைத்தார். அது இப்போதும் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமாக ஒருவரும் நிறுத்தவில்லை என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். எனக்கு அதைக் கேட்டுப் பயமாயிற்று.

புதுத் தட்டு புதன்கிழமை தயாரானது. அந்தப் பெண்ணே வந்து ஸ்டட்டுகளைப் போலவே ஆறு முளை வைத்த கேஜை அதில் இறக்கிப் பார்த்தாள். கேஜ் விரலால் தள்ளின தள்ளலில் போய் உட்கார்ந்தது. வியாழக்கிழமை மேலே மாட்டினார்கள். எடை ஏற்றிச் சோதித்தார்கள். அன்றைக்கு நானும் போயிருந்தேன். அந்த முப்பது வயதுக்காரன் லிப்டுக்கு முன்னால் நின்று என்னைக் கைகாட்டி அழைத்தான்.

"ஆளு ஏறுறதுக்கு முன்னால நீங்க ஏறணும். எங்கூட வாருங்க."

சூப்பர்வைசர் வேண்டாம் என்றார். அவன் கேட்கவில்லை. கேலி பண்ணுகிறானோ என்று பார்த்தேன். அவன் முகத்தில் கேலி இல்லை. எனக்கு மொட்டை மாடியில் நிற்கவே தலை சுற்றும். ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். பெல்ட் மாட்டினார்கள். தலையில் ஹெல்மெட் வைத்து அவனே வாரை இழுத்துக் கட்டினான்.

கூண்டுக்குள் நின்றால் இரண்டு பேர் மார்பும் முட்டும். கதவைச் சாத்தினான். வெளியே காற்று கோபுரத்தில் மோதி, இரும்பு முழுக்க ஊமையாய் முனகிற்று. காலடியில் கூண்டு மெல்ல ஆடிற்று. நான் கம்பியைப் பிடித்திருந்த கையை அவன் பார்த்தான்.

"பயமா இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"எனக்கும் தினம் உண்டு. யாரை நெனச்சுப் பயப்படணும்னு மட்டும்தான் இதுவரைக்கும் தெரியாம இருந்தது."

பிறகு பொத்தானைக் காட்டி, நீங்களே அமுக்குங்க என்றான்.

நான் கண்ணை மூடினேன். அமுக்கினேன்.